கிருபைக்குச் சாட்சி கேட்பவர் யார்?

'கிருபையா, கிரியையா' என்று கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்டதைப் பற்றி நம் வட்டாரத்தில் பேச்செடுத்தால் முதலில் ஒரு சிரிப்புதான் வரும். அடித்தளத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, மேற்கட்டுமானத்தின் மொட்டைமாடியில் நடந்த சண்டை என்பதாக ஒரு எண்ணம். மதம் மக்களுக்கு அபின் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் மார்க்ஸ் என்ன எழுதினார் என்பதை மறந்துபோனதன் விளைவு இது. எனக்கு இந்த விவாதம் அப்படிப் படவில்லை. ஒரு மனிதரின் மதிப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டதா, அவர் சம்பாதித்ததா என்பது ஒரு கேள்வி. கொடுக்கப்பட்டதோ சம்பாதித்ததோ, அது அவரிடம் இருக்கிறது என்று சான்றிதழ் தருகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. இறையியலாளர்கள் முதல் கேள்வியைப் பற்றி லட்சக்கணக்கான பக்கங்கள் எழுதினார்கள். ஆட்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டதும் தலை வெட்டப்பட்டதும் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியால்தான்.

சொற்களை முதலில் பார்த்துவிடலாம். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார். யாக்கோபு நிருபமோ விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்தான் என்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன. லூதருக்கு யாக்கோபு மேல் அப்படியொரு எரிச்சல். வைக்கோலுக்கு ஒப்பிட்டே பேசியிருக்கிறார். தமிழில் புராட்டஸ்டண்டுகள் 'கிருபை' என்பதைக் கத்தோலிக்கர்கள் 'அருள்' என்கிறார்கள். 'கிரியை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்கிற ஆகம வரிசையிலிருந்து வருவது. கோயில் சடங்கின் வாசனை அதில் ஒட்டியிருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, திருப்பலி, யாத்திரை, மெழுகுவர்த்தி, நேர்ச்சை எல்லாவற்றையும் சேர்த்துத் தாக்கிய லூதருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

1517இல் லூதர் எதிர்த்த பாவமன்னிப்புச் சீட்டு என்பது வெறும் ஊழல் அல்ல. அது ஒரு உத்தரவாதப் பத்திரம். உனக்கு உள்ள தண்டனை இவ்வளவு குறைந்தது என்று ஒரு நிறுவனம் எழுத்தில் கொடுத்த ரசீது. லூதர் அந்த ரசீதைக் கிழித்தபோது விவசாயிக்கும் கைவினைஞருக்கும் கிடைத்த விடுதலையுணர்வைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. கடவுளுக்கு நீ கடன்காரன் இல்லை, கணக்கு முடிந்துவிட்டது என்பது சாதாரண வாக்கியமில்லை. (1525இல் விவசாயிகள் இதையே நிலப்பிரபுக்களின் கணக்குக்கும் பொருத்திப் பார்த்தபோது லூதர் யார் பக்கம் நின்றார் என்பதை எங்கெல்ஸைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) ரோமின் பதில் 1547இல் திரெந்து சங்கத்தில் வந்தது. கிருபை முதலில் வருகிறது என்பதை அந்தச் சங்கம் மறுக்கவில்லை. விசேஷ வெளிப்பாடு இல்லாமல், தான் இறுதிவரை நிலைத்திருக்கத் தெரிந்துகொள்ளப்பட்டவன் என்று எவரும் தவறாத நிச்சயத்தோடு அறிய முடியாது என்றது. உள்ளே இருப்பவரை ஒருவித நிரந்தர நிச்சயமின்மையில் வைத்திருப்பது, ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குத் திரும்ப வரச்செய்வது - திருச்சபையின் தேவை இதில் அடங்கியிருக்கிறது.

சரி, ரசீது போய்விட்டது. குருவானவரும் நடுவில் இல்லை. இப்போது எனக்குக் கிருபை கிடைத்திருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? உலகம் உண்டாவதற்கு முன்பே சிலரைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்று சொன்ன கால்வின், உன்னை நீயே நோண்டிப் பார்க்காதே, கிறிஸ்துவையே கண்ணாடியாகப் பார் என்றுதான் ஆலோசனை சொன்னார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அது போதவில்லை. ஜெனீவாவில் பேஸாவும், அதற்கடுத்து இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின்ஸும் ஒரு தர்க்கத்தை வளர்த்தெடுத்தார்கள்: தெரிந்துகொள்ளப்பட்டவரின் வாழ்க்கையில் பரிசுத்தத்தின் கனிகள் தெரியும், என் வாழ்க்கையில் அவை தெரிகின்றன, ஆகவே நான் தெரிந்துகொள்ளப்பட்டவன். 1590களில் பெர்க்கின்ஸ் வெளியிட்ட ஒரு விளக்கப்படத்தில் இரட்சிப்புக்குப் போகிற கோடும் நரகத்துக்குப் போகிற கோடும் படிப்படியாக வரையப்பட்டிருக்கும், ரயில்வே வரைபடம் மாதிரி. முன்வாசல் வழியாகத் துரத்தப்பட்ட கிரியை கொல்லைப்புறம் வழியாகத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை காரணமாக இல்லை, சாட்சியமாக.

இதில் இன்னொரு கொடுமை. நரகத்துக்குக் குறிக்கப்பட்டவரிடமும் கொஞ்ச காலத்துக்கு விசுவாசம் போன்ற ஒன்று இருக்க முடியும் என்றும் பெர்க்கின்ஸ் சொல்லிவிட்டார். அப்புறம் எந்தக் கனியை நம்புவது? தன்னைத் தானே ஓயாமல் தணிக்கை செய்கிற ஒரு தன்னிலை இங்கே உற்பத்தியாகிறது. பியூரிட்டன் நாட்குறிப்புகள் இப்படித்தான் பெருகின. ஃபிரான்செஸ்கோ ஸ்பியேரா என்ற இத்தாலிய வழக்கறிஞர் விசாரணைக்குழுவுக்குப் பயந்து தன் சீர்திருத்த விசுவாசத்தை மறுதலித்தார். தனக்கினி மன்னிப்பே கிடையாது என்ற நிச்சயத்தோடு 1548இல் செத்துப்போனார். அவர் கதை ஐரோப்பா முழுக்க அச்சாகி ஆயிரக்கணக்கானவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. பாத்திரம் அடைக்கிற தொழில் செய்த ஜான் பன்யன் அதில் ஒருவர். 1666இல் அச்சான அவருடைய ஆன்ம சரிதையைப் படித்தால், ஏசா தன் சேஷ்டபுத்திர பாகத்தை விற்ற ஒரு வசனம் ஒரு மனிதனை எத்தனை மாதம் சித்திரவதை செய்ய முடியும் என்று தெரியும். எங்கள் தென்மாவட்டத்துக் கன்வென்ஷன் பந்தல்களில் 'நீ இரட்சிக்கப்பட்டாயா, எந்தத் தேதியில்?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமான வால் உண்டு.

டோர்ட் சங்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கிருபையை மனிதன் மறுக்க முடியும், விசுவாசத்திலிருந்து விழுந்துபோகவும் கூடுமா என்பது வேதத்திலிருந்து இன்னும் ஆராயப்பட வேண்டும் என்று ஆர்மினியஸின் சீடர்கள் 1610இல் ஐந்து அம்சங்களில் எழுதிக்கொடுத்தார்கள். 1618 நவம்பரிலிருந்து 1619 மே வரை கூடிய சங்கம் ஐந்தையும் நிராகரித்தது. சங்கத்தின் கடைசி அமர்வு மே 9. மே 13இல் அவர்களுக்கு அரசியல் பாதுகாப்புக் கொடுத்துவந்த ஓல்டன்பார்னவெல்ட் என்ற எழுபத்தோரு வயதுக் கிழவர் ஹேகில் தலை வெட்டப்பட்டார். சுமார் 200 போதகர்கள் வேலை இழந்தார்கள். ஒரேஞ்சு இளவரசர் மாரிஸுக்கும் ஹாலந்து மாகாணத்துக்கும் நடந்த அதிகாரப் போட்டியில் இறையியல் ஒரு கருவியாயிற்று என்பது சரியான விளக்கம்தான். ஆனால் அது போதாத விளக்கமும்கூட. கருவியாகப் பயன்படுவதற்கு இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு வசதியாக இருந்தது?

இந்த இடத்தில் நமக்குப் பூனையும் குரங்கும் ஞாபகம் வரும். குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகிறதா, குட்டி தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்ற தென்கலை, வடகலை வாதம். ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்தியாவின் அருள் சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். ஒப்புமை கண்ணைப் பறிக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியம். சரணாகதி என்பது உபாயமா இல்லையா என்பதில்தான் இரு கலையாருக்கும் தகராறு. சரணடைந்தவன் பயம் நீங்கியவன் என்பதில் அவ்வளவாக இல்லை. பியூரிட்டனின் பயமோ சரணடைந்த பிறகுதான் தொடங்குகிறது. நான் நிஜமாகத்தான் சரணடைந்தேனா?

பயத்துக்கு ஒரு அரசியல் வடிவம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மசாசூசெட்ஸ் நல்ல உதாரணம். 1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் போய்க் குடியேறியவர்கள் 1631லேயே ஒரு விதி செய்தார்கள்: சபை அங்கத்தினர் மட்டுமே வாக்குரிமை பெற்ற குடிமகனாக முடியும். 1630களின் நடுவில் இன்னொன்றும் சேர்ந்தது: சபையில் சேர வேண்டுமானால், தன்னுள் கிருபை வேலை செய்த கதையைச் சபையின் முன் ஒருவர் சொல்லிக்காட்ட வேண்டும், சபை அதை எடைபோட்டுப் பார்க்கும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். கிருபையின் சாட்சியம் அரசியல் உரிமைக்கான ஆவணமாகிவிட்டது. (பெண்கள் சபையில் சேரலாம், வாக்கு கிடையாது. கிருபைக்கு அங்கே ஒரு எல்லைக்கோடு.)

1634இல் அங்கே வந்து இறங்கியவர் ஆன் ஹட்சின்சன். வியாபாரியின் மனைவி, நிறையப் பிள்ளைகளின் தாய், பிரசவம் பார்க்கத் தெரிந்தவர். அவருடைய அப்பா இங்கிலாந்துத் திருச்சபையைக் குறைசொல்லிச் சிறைக்குப் போன ஒரு குருவானவர். தனக்குப் பிடித்த பிரசங்கியான ஜான் காட்டனைப் பின்தொடர்ந்து கடல் தாண்டி வந்தவர் இவர். பாஸ்டனில் தன் வீட்டில் பெண்களைக் கூட்டி ஞாயிறு பிரசங்கத்தை அலசத் தொடங்கினார். பிறகு ஆண்களும் வர ஆரம்பித்தார்கள். அறுபது எண்பது பேர் வரை கூடினார்கள். அவர் சொன்னது என்ன? ஒழுக்கமான நடத்தை கிருபைக்கு ஆதாரமாகாது. வேஷக்காரனாலும் ஒழுங்காக நடந்துகாட்ட முடியும். நடத்தையைப் பார்த்து இரட்சிப்பை ஊகிக்கச் சொல்கிற போதகர்கள் வாயில் கிருபையைச் சொல்லிக்கொண்டு கையில் கிரியையின் உடன்படிக்கையைக் கொடுக்கிறார்கள். காட்டனும் தன் உறவினரான வீல்ரைட்டும் தவிர மற்றவர்கள் அனேகமாக இந்த ரகம்தான்.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று தோன்றலாம். போதகரும் நடுவரும் வெளியிலிருந்து பார்த்து மதிப்பெண் போடும் உரிமையையே இது பிடுங்குகிறது. நீங்கள் என்னைப் பரிசோதிக்க முடியாது, ஏனென்றால் பரிசோதிக்கக்கூடிய பொருள் வெளியில் இல்லை என்கிறது. அதை ஒரு பெண் சொல்கிறாள். ஆணின் ஊழியம், ஆணின் வாக்கு, ஆணின் நிலம் ஆகிய சங்கிலியில் எங்கேயும் இடமில்லாத ஒருத்தி, 'கிருபை' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு முழுச் சங்கிலியையும் ஆட்டிப்பார்த்தாள்.

1637 மே தேர்தலில், பாஸ்டனுக்கு வெளியே நியூடவுனில் வாக்கெடுப்பை வைத்து, வின்த்ராப் ஆளுநர் பதவியைத் திரும்பப் பிடித்தார். அந்தக் கோடையில் போதகர்கள் கூடி 82 தப்பறைகளைப் பட்டியல் போட்டுக் கண்டித்தார்கள். நவம்பரில் ஹட்சின்சன் மீது வழக்கு. வழக்குத் தொடுத்தவரும் விசாரித்தவரும் தீர்ப்புச் சொன்னவரும் வின்த்ராப்தான். ஐந்தாம் கட்டளையை மீறினார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. தாயையும் தகப்பனையும் கனம்பண்ணு என்பது. ஆட்சியாளர்கள் தகப்பன்மார் அல்லவா! முதல் நாள் முழுக்க ஆண்கள் திணறினார்கள். மூத்த பெண்கள் இளையவர்களுக்குப் போதிக்கலாம் என்று தீத்துவுக்கு எழுதின நிருபத்தை எடுத்து வீசினார். அடுத்த நாள், தன்மீது சாட்சி சொல்லும் போதகர்கள் சத்தியம் செய்து சொல்லட்டும் என்றார். கிட்டத்தட்டத் தப்பிவிட்டார் என்ற நிலையில், இதெல்லாம் எனக்கு ஆவியானவரால் நேரடியாக வெளிப்படுத்தப்பட்டது, சிங்கக் குகையிலிருந்து தானியேலைத் தப்புவித்தவர் என்னையும் தப்புவிப்பார் என்றார். அவ்வளவுதான். நீதிமன்றம் காத்திருந்த வாக்கியம் கிடைத்துவிட்டது. எதற்காக நாடு கடத்தப்படுகிறேன் என்று கேட்டதற்கு, நீதிமன்றத்துக்குத் தெரியும் என்பதாகத்தான் பதில் வந்தது. அவருடைய ஆதரவாளர்கள் 75 பேரிடமிருந்து துப்பாக்கிகள் பறிக்கப்பட்டன. 1638 மார்ச்சில் சபையும் அவரை விலக்கியது. காட்டன் அப்போது எதிரணியில் நின்று, இவர் கருத்துகள் பாலொழுக்கத்தைக் கெடுக்கும் என்று எச்சரித்தார். இன்னொரு போதகர், நீ மனைவியாக இராமல் கணவனாக இருந்தாய், கேட்பவளாக இராமல் போதிப்பவளாக இருந்தாய் என்ற பொருளில் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. பிரச்சினை இறையியல் மட்டுமல்ல என்பதற்கு இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் தேவையா?

அதோடு விடவில்லை. ஹட்சின்சனோடு சபையைவிட்டு வெளியே நடந்த மேரி டயர் என்ற பெண்ணுக்கு முந்தைய அக்டோபரில் உருக்குலைந்த குழந்தை செத்துப் பிறந்திருந்தது. வின்த்ராப் அதைத் தோண்டி எடுத்துப் பார்க்கச் செய்தார். விலக்கப்பட்ட பின் ஹட்சின்சனுக்கும் கர்ப்பம் கலைந்தது. இரண்டையும் கடவுளின் தீர்ப்பு என்று அவர் எழுதினார். 1644இல் லண்டனில் அச்சாயிற்று. நடத்தையைச் சாட்சியாகக் கொண்டால் கடைசியில் கருப்பையும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படும்.

ஹட்சின்சன் எழுதிய எழுத்து என்று எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் குரல் நீதிமன்றப் பதிவில்தான் இருக்கிறது. அதையும் 1767இல் அச்சேற்றியவர் அவருடைய வம்சத்தில் வந்த தாமஸ் ஹட்சின்சன் என்ற, பிற்பாடு ஆளுநரான மனிதர். அதிகாரத்தின் கோப்புக்குள்ளிருந்துதான் அதிகாரத்தை எதிர்த்தவளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்காக இவரைச் சிலையாக்கிப் பூப்போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை (சிலை 1922லேயே வந்துவிட்டது, நாடுகடத்தல் உத்தரவையும் 1987இல் ஆளுநர் ஒருவர் ரத்து செய்துவிட்டார்). எமரி பேட்டிஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வு, அவருடைய நெருக்கமான ஆதரவாளர்களில் பலர் வசதியான பாஸ்டன் வணிகர்கள் என்று காட்டியது. இதை மசாசூசெட்ஸின் இன்னொரு வழக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1639இல் ராபர்ட் கீன் என்ற வணிகர் அநியாய லாபம் வைத்து விற்றதற்காக 200 பவுண்டு அபராதம் போடப்பட்டார், பிறகு 80 ஆகக் குறைத்தார்கள், சபையும் கண்டித்தது. ஹட்சின்சன் அணியைச் சேர்ந்தவர் அல்ல இவர். ஆனால் வழக்கு ஒன்றைக் காட்டுகிறது: நடத்தையைக் கண்காணிக்கிற அதே சபைதான் விலையையும் கண்காணித்தது. கிரியையைக் கேட்கக்கூடாது என்பது ஒரு பெண்ணுக்கு வாய் திறக்கும் உரிமையாகவும் ஒரு வியாபாரிக்குக் கணக்குக் காட்டாமல் இருக்கும் வசதியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். கிருபை என்றாலே கலகம், கிரியை என்றாலே ஒடுக்குமுறை என்று எழுதிவிட்டுப் போக முடியாது. இன்னொன்றும் உண்டு: 1637 மே மாதம் மிஸ்டிக்கில் பீக்வாட் பழங்குடியினரின் கிராமத்தைக் குடியேறிகள் நெருப்பு வைத்து எரித்தார்கள். இரண்டு உடன்படிக்கைகளில் எதன் கணக்கிலும் அந்தச் சாவுகள் பாவமாகப் பதியப்படவில்லை.

வெபரை இங்கே எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். செல்வம் தெரிந்துகொள்ளப்பட்டதன் அடையாளமாயிற்று என்ற ஒரு வரிச் சுருக்கத்துக்கு அவரைக் குறுக்கி நாம் வைத்திருக்கிறோம். 1904இல் அமெரிக்கா போய் வந்தபின் 1906இல் அவர் எழுதிய சிறிய கட்டுரை எனக்கு அதிகம் உதவியது. அங்கே ஒருவர் பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் எடுப்பது, ஊரில் வங்கி தொடங்கப் போகிறார் என்பதால். சபை விசாரித்துத்தான் சேர்க்கும். சேர்த்துவிட்டால் ஊர் அவரை நம்பிப் பணம் போடும். ஆன்மாவின் நிச்சயம் கடன் தகுதியாக மாறுகிற இயக்கத்தை இதைவிடத் துல்லியமாகப் பார்க்க முடியாது.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? பிளெக்கனோவ் 1898இல் வரலாற்றில் தனிமனிதரின் பாத்திரம் பற்றி எழுதும்போது இந்தப் பியூரிட்டன்களைத்தான் உதாரணம் காட்டினார். எல்லாம் அவசியத்தால் நடக்கிறதென்றால் நாம் ஏன் பாடுபட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்: முன்குறித்தலை நம்பியவர்கள் கையைக் கட்டி உட்காரவில்லை, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவர்களைவிட உழைத்தவர்கள் இல்லை. நல்ல பதில். ஆனால் பாதிப் பதில். அவர்கள் ஏன் அப்படி உழைத்தார்கள்? நிச்சயத்தினால் மட்டுமல்ல, அந்த நிச்சயம் தங்களுடையதுதானா என்ற நடுக்கத்தினாலும். இந்த நடுக்கத்தைப் பிளெக்கனோவ் விட்டுவிட்டார். வெற்றி நிச்சயம் என்று நம்பிய ஜெர்மன் சமூக ஜனநாயகம் நீரோட்டத்தோடு நீந்துவதாக நினைத்தே கெட்டது என்று பெஞ்சமின் 1940இல் எழுதியது ஒரு வகைச் சீரழிவு. இன்னொரு வகை உண்டு. வர்க்கத்தின் வெற்றி நிச்சயம், ஆனால் நீ அந்த வர்க்கத்தின் ஆள்தானா? சோவியத் கட்சியில் 1921, 1929, 1933 ஆண்டுகளில் உறுப்பினர்கள் குழுக்களின் முன் நின்று தங்கள் சொந்த வரலாற்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா யார், அப்போது எங்கே இருந்தாய், எப்போது உணர்வு பெற்றாய். பாஸ்டன் சபையில் சொன்ன கிருபையின் கதையும் இதுவும் உள்ளடக்கத்தில் ஒன்றல்ல, ஒன்று என்று சொல்வது சோம்பேறித்தனம். உறுப்பினர் அட்டையின் இலக்கணம் மட்டும் ஒன்றுபோல இருக்கிறது.

நம் சிறு குழுக்களிலும் இது நடக்கிறது. யார் 'நிஜமான' தோழர், யார் 'உள்ளுக்குள் மாறாதவர்' என்று தீர்மானிக்க நடத்தையைக் கணக்கெடுக்கிறோம்: எந்தக் கூட்டத்துக்கு வந்தார், யார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டார், தாலி கட்டினாரா. கேட்கக்கூடாத கேள்விகள் என்று நான் சொல்லவில்லை. கீனிடம் விலையைக் கேட்டது சரி என்றே நினைக்கிறேன். சாதி விஷயத்தில் நடத்தையைக் கேட்காமல் உள்ளத்தைப் பார் என்பவரிடம் நான் நிச்சயம் நடத்தையைத்தான் கேட்பேன். ஆனால் ஒருவர் செய்ததைக் கேட்பது வேறு, செய்ததை வைத்து அவர் யார் என்று தீர்ப்பெழுதுவது வேறு. கீனிடம் கேட்டது ஆணி விலை, பொத்தான் விலை. ஹட்சின்சனிடம் கேட்டது அவள் யார் என்று. அதேசமயம் அவளுடைய பதிலிலும் ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. எனக்கு நேரடியாக வெளிப்பட்டது என்று சொன்ன பிறகு எதிரே நிற்பவர் பேசுவதற்கு எதுவுமே மிச்சமில்லை.

அவர் 1638இல் ரோட் தீவுப் பக்கம் போனார். கணவர் இறந்தபின் டச்சுக் குடியேற்றப் பகுதிக்கு நகர்ந்தார். டச்சுக்காரர்களுக்கும் பழங்குடிகளுக்கும் நடந்த போரின்போது 1643இல் பிள்ளைகளோடு கொல்லப்பட்டார். மேரி டயர் குவேக்கராகித் திரும்பிவந்து 1660 ஜூன் 1 அன்று பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார். வென்ற சபைக்கோ வேறு பிரச்சினை. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளிடம் ஒழுக்கம் இருந்தது, சொல்லிக்காட்டக் கிருபையின் கதைதான் இல்லை. 1662இல் போதகர்கள் கூடி ஒரு பாதி வழி கண்டுபிடித்தார்கள்: இவர்களின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு, இவர்களுக்கு இராப்போஜனம் கிடையாது. பிறகு 1691இல் அரச சாசனம் வந்து சபை அங்கத்தினர் என்ற தகுதியையே எடுத்துவிட்டது. அதன்பின் மசாசூசெட்ஸில் வாக்களிக்க ஒரு ஆண் கிருபைக்கும் கிரியைக்கும் சாட்சி காட்ட வேண்டியதில்லை. வருஷத்துக்கு 40 ஷில்லிங் தரக்கூடிய நிலமோ அதற்கு ஈடான சொத்தோ இருந்தால் போதும்.